குறுக்கே ஓடும், நெடுக்கே ஓடாது

என் நாத்தனாரைப் பற்றி நானே உட்கார்ந்து நல்லவிதமாக எழுதுவேன் என்று கல்யாணமான புதிதில் யாராவது சொல்லியிருந்தால், அவர்களுக்குக் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்திருப்பேன். என் கணவருக்கு ஒரே அக்கா அவர். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். கணவரை இழந்தவர், பிள்ளைகள் இல்லை, தம்பி வீடே அவர் வீடு. நான் மடித்து வைத்த துணியைப் பிரித்து மறுபடி மடிப்பார். நான் விரித்த படுக்கையை உள்ளங்கையால் ஒருமுறை தடவிவிட்டு, "தலைமாட்டுல சுருக்கம் இருக்கு" என்பார். பார்த்தால் இருக்கும். அதுதான் எரிச்சல். தப்பாகச் சொன்னால் சண்டை பிடிக்கலாம், சரியாகச் சொல்கிறவரை என்ன செய்வது?

இருவருக்கும் ஒரே மெத்தைத் தொழிற்சாலையில் வேலை. நான் விளிம்பு தைக்கும் மெஷினில், அவர் கடைசி மேசையில். ஸ்பிரிங், ஃபோம், பஞ்சு விரிப்பு எல்லாம் அடுக்கி, மேலுறை மூடி, விளிம்பு தைத்த பிறகு மெத்தை உருளைகள்மீது தள்ளப்பட்டு அவர் முன்னால் வந்து நிற்கும். இரண்டு கைகளையும் விரித்து வைத்துத் தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை நெடுக்கே ஒரு தடவல், பிறகு குறுக்கே ஒரு தடவல். ஒன்றரை நிமிடம். உள்ளே பஞ்சு உருண்டிருந்தாலும், பசை இறுகியிருந்தாலும் அந்தக் கை சட்டென்று நின்றுவிடும். ஒருநாள், நான் தைத்து மூன்று நாள் வரிசையில் தேங்கிக் கிடந்த மெத்தைக்குள்ளிருந்து என் மூக்குக் கண்ணாடியையே எடுத்து நீட்டினார். அதை நான் மூன்று நாளாக வீடு முழுக்கத் தேடிக்கொண்டிருந்தேன். மொத்தத் தொழிற்சாலையும் சிரித்தது, அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. "கண்ணாடி இல்லாம மூணு நாளா எப்படித் தைச்ச?" என்று கேட்டார்.

மெத்தையில் வரும் கட்டிகளை அவர் மூன்று வகையாகப் பிரித்து வைத்திருந்தார். விரலுக்குக் கீழே எல்லாப் பக்கமும் நழுவுவது வெறும் பஞ்சு உருண்டை, உள்ளங்கையால் நாலு தட்டு தட்டினால் போய்விடும். எந்தப் பக்கமும் அசையாமல் நிற்பது பசைக்கட்டி, பிரித்துத்தான் ஆகவேண்டும். மூன்றாவது வகை எப்போதாவது வரும். பஞ்சு உருண்டு, விறைப்பாக ஓடும் அடிநூலைச் சுற்றிக்கொண்டு இறுகிவிடும். அது குறுக்கே அசையும், நூல் போகும் வாக்கில் தள்ளினால் அசையாது. அதை அவசரப்பட்டுக் கத்தரியால் வெட்டினால் நூலும் சேர்ந்து போகும், ஒரு வரிசைத் தையலே விட்டுப்போகும். அந்த வகை வந்தால் அண்ணி யாரையும் கிட்டே விடமாட்டார், தானே உட்கார்ந்து இழை இழையாகப் பிரிப்பார்.

இப்படிப்பட்ட கை ஒன்று ஓர் இடத்தில் இருந்தால் ஜனங்கள் சும்மா இருப்பார்களா? சாப்பாட்டு இடைவேளையில் ஒவ்வொருத்தியாகக் கடைசி மேசைக்கு வருவாள். "அக்கா, தோள்ல ஏதோ உருண்டையா இருக்கு, கொஞ்சம் பாருங்களேன்." "அக்கா, கழுத்துல நெறி கட்டியிருக்கு." அண்ணியும் தடவிப் பார்ப்பார். விரலுக்குக் கீழே நழுவினால், "ஓடுது, ஒண்ணுமில்ல, போ" என்பார். அவர்களும் நிம்மதியாகப் போய்விடுவார்கள். அவர் சொன்னால் சொன்னதுதான். வேண்டாம் என்று தடுக்க எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை, என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அவருக்கே வலது முன்கையின் உள்பக்கம், மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் நடுவில், ஒரு கொண்டைக்கடலை அளவுக்குக் கட்டி வந்தது. இடது கட்டைவிரலால் குறுக்கே இப்படியும் அப்படியும் உருட்டிப் பார்த்தார். உருண்டது. "ஓடுது" என்று தனக்குத்தானே பாஸ் போட்டுக்கொண்டார். இரண்டு வருஷம் போனது. கடலை நெல்லிக்காய் ஆனது. நான் கரடியாகக் கத்தினேன். "ஊருக்கெல்லாம் பாத்துச் சொல்றேன், எனக்குத் தெரியாதா?" என்று ஒரே வார்த்தையில் என் வாயை அடைத்தார்.

பிறகு ஒருநாள் உருளைமேசையின் விளிம்பில் அந்த இடம் லேசாக இடித்தது. சுளீர் என்று கரண்ட் அடித்தமாதிரி கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றுக்கும் ஓடியதாம். அவர் என்னிடம் சொல்லவில்லை. அடுத்த வாரம் அவர் பாஸ் போட்டு அனுப்பிய மெத்தை ஒன்று கடையிலிருந்து திரும்பி வந்தது. உள்ளே பசைக்கட்டி. பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவை. அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் வலது கையை என் முன்னால் நீட்டினார். "நுனி மரத்துப் போகுது. வெளிய சொல்லிடாத" என்றார். பிடிவாதத்தைத் தவிர வேறெதையும் நான் பார்த்தறியாத அந்த முகத்தில் பயம் இருந்தது. அந்த விரல்கள் போனால் அண்ணிக்குக் கடைசி மேசை இல்லை. கடைசி மேசை இல்லாத அண்ணியை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

தெருமுனையிலேயே ஒரு கிளினிக், நானும் என் கணவரும் அங்கே கூட்டிப்போனோம். டாக்டர் நல்ல மனுஷர்தான், ஆனால் வாசலில் எப்போதும் கூட்டம், அவர் கால் எப்போதும் ஓட்டத்திலேயே இருக்கும். கட்டியை இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்தார். "கொழுப்புக் கட்டிம்மா. நிறைய பேருக்கு இருக்கும், பயப்பட ஒண்ணுமில்ல. மரத்துப் போக ஊசி போட்டு, இங்கயே எடுத்துடலாம். பதினைஞ்சு நிமிஷ வேலை" என்றார். என் கணவருக்கு ரத்தம் என்ற சொல்லைக் கேட்டாலே தலை சுற்றும். பதினைந்து நிமிஷம் என்றதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "இன்னைக்கே முடிச்சுடுக்கா" என்று சொல்லிவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டார். நான் உள்ளே நின்றேன்.

அண்ணி படுத்துக் கையை நீட்டினார். நர்ஸ் பஞ்சில் மருந்து நனைத்து மணிக்கட்டிலிருந்து முழங்கையை நோக்கி அழுத்தித் துடைத்தாள். டாக்டர் ஊசியில் மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் நில்லுங்க டாக்டர்" என்று அண்ணி எழுந்து உட்கார்ந்தார்.

"வலிக்காதும்மா. எறும்பு கடிச்சமாதிரிதான் இருக்கும்."

"வலிக்குப் பயமில்ல. இந்தப் பொண்ணு துடைச்சப்ப கட்டி நகரல, அங்கயே நின்னுது." இடது விரலால் குறுக்கே தள்ளினார், கட்டி நகர்ந்தது. கையின் நீளவாக்கில் தள்ளினார், அது அசையவே இல்லை. இன்னும் அழுத்தித் தள்ளினார். வலது விரல்கள் மூன்றும் துள்ளின. "இது ஏதோ நூலைப் பிடிச்சுட்டு இருக்கு டாக்டர். குறுக்க ஓடுது, நெடுக்க ஓடல. இதை வெட்டினா நூலும் போயிடும்."

"என்ன நூலு?"

"எனக்கு என்ன தெரியும்? மெத்தைக்குள்ள இருந்தா அடிநூலு. கைக்குள்ள என்னன்னு நீங்கதான் சொல்லணும்."

டாக்டர் சிரித்துவிட்டார். "மெத்தை வேற, உடம்பு வேறம்மா."

"வேறதான் டாக்டர். மெத்தையில தப்பு நடந்தா பிரிச்சுத் தைச்சுக்கலாம்."

எனக்குப் பூமிக்குள் புதைந்துவிடலாம்போல் இருந்தது. வெளியே இருபது பேர் காத்திருக்கிறார்கள், உள்ளே இவர் டாக்டருக்குப் பாடம் எடுக்கிறார். "அண்ணி, பேசாம படுங்க" என்று காதருகே கெஞ்சினேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டுவிட்டார். டாக்டருக்குக் கோபம், நியாயமான கோபம்தான். "அப்ப பெரிய ஆஸ்பத்திரியில போய் ஸ்கேன் எடுத்துக்குங்க" என்றார். "அதை எழுதிக் கொடுங்க டாக்டர்" என்று அண்ணி நின்ற இடத்திலேயே நின்றார். டாக்டர் கிறுக்கலாக இரண்டு வரி எழுதித் தள்ளினார். அந்தக் கிறுக்கலுக்கு நான் இன்றைக்கும் அவருக்கு நன்றி சொல்கிறேன்.

என் கணவர் வீட்டுக்கு வந்து வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். "டாக்டருக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமாக்கா? ஊரே உன்கிட்ட வந்து காட்டுதுன்னா நீ டாக்டரா ஆயிடுவியா?"

"அதேதான்டா நானும் யோசிச்சுட்டு வரேன்" என்றார் அண்ணி. "மேசைக்கு வர்ற மெத்தைக்கெல்லாம் ரெண்டு பக்கமும் தடவிப் பாக்கிறேன். என் கைக்கு ஒரு பக்கம்தான் பாத்தேன். மெத்தைக்குக் குடுத்த மரியாதையைக் கைக்குக் குடுக்கல." அக்கா தன் தப்பை ஒப்புக்கொண்டு தம்பி அதற்குமுன் கேட்டதே இல்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் நாங்கள் மூன்று நாள் நடந்தோம். ஒருநாள் சீட்டுக்கு, ஒருநாள் ஸ்கேனுக்கு, ஒருநாள் முடிவுக்கு. நீளமான பெஞ்சு, சுண்ணாம்பு உதிர்ந்த சுவர், எண் கூப்பிடும் பெட்டி. அந்தப் பெட்டி எங்கள் எண்ணைத் தவிர மற்ற எல்லா எண்ணையும் கூப்பிட்டது. மூன்றாம் நாள் அறுவை சிகிச்சை டாக்டர் அம்மாவின் முன்னால் போய் உட்கார்ந்தோம். நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்தார், பேச்சும் வெட்டுத்தான். படத்தைப் பார்த்தார், விரல் நுனியால் கட்டிமேல் லேசாகத் தட்டினார். அண்ணி துள்ளினார்.

"விரல்ல கரண்ட் அடிக்குதா? இது கொழுப்பு இல்லம்மா. விரலுக்குப் போற நரம்பு இருக்கு பாருங்க, அதோட உறையில வளர்ந்த கட்டி. பெரும்பாலும் புற்றுநோயா இருக்காது. ஆனா எடுத்துப் பரிசோதனை பண்ணினாதான் அடிச்சுச் சொல்ல முடியும். நல்லவேளை, தெரியாம யாரும் கத்தி வைக்கல. வச்சிருந்தா நரம்பையும் சேர்த்து அறுத்திருப்பாங்க." பிறகு சீட்டைப் புரட்டினார். "ரெண்டு வருஷம்னு போட்டிருக்கே? யாரு உங்ககிட்ட ஒண்ணுமில்லன்னு சொன்னது?"

"நான்தான்."

"நீங்க யாரு?"

அண்ணி தன் வேலையைச் சொன்னார். சாப்பாட்டு இடைவேளையில் நடந்ததையும், கிளினிக்கில் கட்டி நெடுக்கே ஓடாததைப் பார்த்து எழுந்துவந்ததையும் ஒளிக்காமல் சொன்னார். டாக்டர் அம்மா பேனாவை மூடி வைத்துவிட்டார். "தோலுக்குக் கீழ வர்ற கட்டி பெரும்பாலும் சாதுவானதுதான். கொழுப்புக் கட்டின்னா தொந்தரவு இல்லாதவரைக்கும் அப்படியே விட்டுடலாம். தோல்ல அடைப்பு வந்து உள்ள மாவு மாதிரி சேர்ந்த கட்டின்னா பிதுக்கக் கூடாது, பையோட எடுக்கணும். சிவந்து, சூடா, வலியோட இருந்தா சீழ். கழுத்துல, அக்குள்ல இருந்தா நெறியா இருக்கலாம், அதுக்கே ஆயிரம் காரணம் இருக்கு. வளர்ந்துட்டே இருக்கா, கெட்டியா ஒட்டிட்டு இருக்கா, எலுமிச்சம்பழத்தைவிடப் பெரிசா, வாரக்கணக்கா போகாம இருக்கா, காய்ச்சல் வருதா, எடை குறையுதா, விரல் மரக்குதா, இதுல ஒண்ணு இருந்தாலும் உடனே காட்டணும். கை ரொம்ப நல்ல கருவிதாம்மா. உங்க கை எங்க ஆளுங்க சிலபேர் கையைவிட நல்லாவே இருக்கு. ஆனா கை மட்டும் போதாது."

ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். வளராமல் இருந்தால் பார்த்துக்கொண்டே இருக்கலாம், மரத்துப்போக ஆரம்பித்துவிட்டதால் எடுப்பதுதான் நல்லது என்றார் டாக்டர் அம்மா. நரம்பு ஒரே கம்பி கிடையாதாம், பல இழைகள் சேர்ந்த கயிறாம். உறையைப் பிரித்து, இழைகளை ஓரமாக ஒதுக்கி, கட்டியை மட்டும் உருட்டி எடுப்பார்களாம். "எவ்வளவு கவனமா பண்ணினாலும் சில பேருக்கு ஒரு விரல்ல உணர்ச்சி திரும்பாமப் போகலாம். அதையும் இப்பவே சொல்லிடறேன்" என்றார். அண்ணி ஒரு நிமிஷம் தன் விரல்களைப் பார்த்தார். "கட்டியை விட்டு வச்சா கண்டிப்பாப் போயிடும். எடுத்தா போகலாம், போகாமலும் இருக்கலாம். எடுங்க" என்றார்.

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் அவர் கடைசி மேசைமேல் ஏறி நின்றார். ஐம்பது வயதுக்கு மேல், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மேசைமேல் நிற்கிறார். நான் சோற்றை விழுங்கவும் மறந்துவிட்டேன்.

"இதுவரைக்கும் யாருக்கெல்லாம் ஒண்ணுமில்லன்னு சொன்னேனோ, அத்தனையும் வாபஸ். எல்லாரும் போய் டாக்டர்கிட்ட காட்டணும். காட்டிட்டுச் சீட்டை எனக்குக் காட்டணும்."

சிரித்தார்கள். அவர் இறங்கி ஒவ்வொருத்தியாகப் பிடித்தார். பஞ்சு அடுக்கும் அம்மாவுக்குத் தோளில் கொழுப்புக் கட்டிதான், அப்படியே விட்டுவிடச் சொன்னார்கள். பசைப் பிரிவுக்காரிக்கு முதுகில் நடுவே கறுப்புப் புள்ளியோடு ஒரு கட்டி, அதை அவள் புருஷன் பிதுக்கி வைத்திருந்தான். சீழ் கட்டி, கீறி, மருந்து வைத்து, பிறகு பையோடு எடுக்கவேண்டி வந்தது. புருஷனுக்கு அண்ணியிடமிருந்து தனியாகக் கிடைத்தது. பேக்கிங் பிரிவில் ஒருத்திக்குக் கழுத்தில் இரண்டு நெறி, வலியே இல்லை. "வலிக்கலையே அக்கா, எதுக்குப் போகணும்?" என்று நழுவிக்கொண்டே இருந்தாள். அண்ணி ஒற்றைக் காலில் நின்றார். தினமும் காலையில் அவள் வழியை மறித்து, "போனியா?" என்பார். பத்தாவது நாள் தாங்கமாட்டாமல் போனாள். ஊசியால் உறிஞ்சிப் பரிசோதித்ததில் காசநோய் நெறியில் வந்திருப்பது தெரிந்தது. மாதக்கணக்கில் மாத்திரை. விடாமல் சாப்பிட்டால் முழுசாகக் குணமாகிவிடும் என்று சொல்லியிருக்கிறார்கள். அவளுக்கு இரண்டு வயதில் குழந்தை. அந்தச் சீட்டைப் பார்த்த அன்று அண்ணி சமையலறையில் எனக்கு முதுகைக் காட்டி நின்று அழுதார். "நான்தானே மொதல்ல அவளைப் போகச் சொன்னேன், ஓடுது போன்னு" என்றார். பக்கத்தில் போய் நின்றேன்.

ஆபரேஷன் முடிந்தது. எடுத்த கட்டி புற்றுநோய் இல்லை என்று பரிசோதனையில் வந்தது. என் கணவர் ஆஸ்பத்திரி வாசலில் நின்று விக்கி விக்கி அழுதார். கட்டைவிரலும் நடுவிரலும் நாலு நாளில் உயிர்பெற்றன. ஆள்காட்டி விரல் மட்டும் மரக்கட்டையாகக் கிடந்தது. "நரம்பு களைச்சுப் போயிருக்கு, திரும்பலாம், நாளாகும்" என்றார் டாக்டர் அம்மா. தொழிற்சாலையில் கடைசி மேசைக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். மூன்று மாதத்துக்குள் கை சரியாகாவிட்டால் பேக்கிங்குக்கு மாற்றம் என்று சூப்பர்வைசர் பட்டும் படாமலும் சொல்லி அனுப்பினார்.

வீட்டில் அண்ணி எங்களைப் பாடாய்ப் படுத்தினார். ஒரு கிண்ணத்தில் பொத்தான், கடலை, சாவி, திருகாணி எல்லாம் போட்டு, மேலே துணி மூடி, ஆள்காட்டி விரலை மட்டும் உள்ளே விட்டு எதெது என்று தேடுவார். காலையில் அரை மணி, மாலையில் அரை மணி. தப்பாகச் சொன்னால் மறுபடி ஆரம்பம். ஒருநாள் அறுபது தடவை தப்பு. "போதும் அண்ணி, சோறு ஆறுது" என்றேன். "விரலும் ஆறிப்போயிடும்" என்றார். சூடான தட்டை அந்த விரலால் தொட்டுச் சுட்டுக்கொண்டு, சுட்டதே தெரியாமல் நின்றதும் நடந்தது. கொப்புளத்துக்கு மருந்து தடவும்போது நான் பல்லைக் கடித்துக்கொண்டு அழுகையை அடக்கினேன். அவர் அழவில்லை. மறுநாள் கிண்ணத்தில் கொஞ்சம் மணலும் போட்டுக் கடினமாக்கிக்கொண்டார்.

பத்தாவது வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் அம்மா கையை மேசைமேல் மல்லாத்தி வைத்தார். "கண்ணை மூடிக்குங்க. தொடறப்ப எங்க தொடறேன்னு சொல்லணும். தெரியலன்னா தெரியலன்னு சொல்லணும், எனக்காகப் பொய் சொல்லக் கூடாது."

அண்ணி கண்ணை மூடினார். நெற்றி நரம்பு புடைத்தது. நான் அவருக்குப் பின்னால் நின்றதால் எனக்கு டாக்டர் கை தெரியவில்லை.

"தெரியல" என்றார் அண்ணி.

அறையில் மின்விசிறிச் சத்தம்.

"தெரியல டாக்டர்."

பத்து வாரம், அந்தக் கிண்ணம், அந்தக் கொப்புளம் எல்லாம் வீண் என்று நினைத்தேன். அண்ணியின் தோள் இறங்கிவிட்டது. "இல்ல. இன்னும் தெரியல" என்றார்.

"நான் இன்னும் தொடவே இல்லம்மா" என்றார் டாக்டர் அம்மா.

எட்டிப் பார்த்தேன். அவர் கையில் ஒரு பஞ்சுத் துளி, அதிலிருந்து ஒரே ஓர் இழையை இழுத்துப் பிரித்திருந்தார். அந்த இழையின் நுனியை ஆள்காட்டி விரலின்மேல் பட்டும் படாமல் வைத்தார்.

"ஆ" என்றார் அண்ணி. "நுனியில. நகத்துப் பக்கமா. ஏதோ மெல்லிசா இருக்கு, நூலவிட மெல்லிசு."

டாக்டர் அம்மா என்னைப் பார்த்துத் தலையாட்டினார். நான் அழ ஆரம்பித்துவிட்டேன். அண்ணியின் மூடிய கண்ணிலிருந்தும் தண்ணீர் இறங்கியது, ஆனால் கண்ணைத் திறக்கவில்லை. விரலை இன்னும் கொஞ்சம் நீட்டி வைத்தார்.

"இன்னொரு தடவை தொடுங்க டாக்டர்."